ஊதாயானையை அழித்த மூவர்

கருவநல்லூரில் புத்திசாலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. எந்தத் தெருவுக்குப் போனாலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் வேறு சோலியாக இருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது.

அந்த ஊரில் பெயிண்ட் அடிக்கிறவர்கள் மூன்று பேர். தலைவர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே கோமதிநாயகமும் மாசானமும். கோமதிநாயகம் யோசிப்பதற்கு. மாசானம் ஏணி பிடிப்பதற்கு. கோமதிநாயகம் யோசித்ததைச் சரி என்று சொல்வதற்கு ஆவுடையப்பன்.

சொன்ன சொல்லுக்கு மேலே ஓர் இழை போகக் கூடாது, கீழே ஓர் இழை குறையக் கூடாது என்பது மூவருடைய கொள்கை. ஒருமுறை பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், 'இந்தச் சுவரில் எழுதாதே' என்று சுவரில் எழுதச் சொன்னார். எழுதினார்கள். தள்ளி நின்று படித்தார்கள். பயந்துபோய் உடனே அழித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனது கூலிக்காக இல்லை, மன்னிப்புக் கேட்க.

இப்படிப்பட்டவர்களிடம் டீக்கடைக்காரர் செண்பகராமன் ஏன் வேலையைக் கொடுத்தார் என்று கேட்கக் கூடாது. ஆவுடையப்பன் அவர் மனைவிக்குத் தம்பி.

செண்பகராமனுக்குப் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சொந்தக் கட்டடம் ஒன்று இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் 'ஊதாயானை டீ' என்று ஒரு கம்பெனி வந்து அதைக் குத்தகைக்கு எடுத்து, அவரையே கடையை நடத்தச் சொன்னது. சுவர் ஊதா, பெஞ்சு ஊதா, பலகை ஊதா. திரும்பின பக்கமெல்லாம் தும்பிக்கையில் டீக்கிளாஸைத் தூக்கிப் பிடித்த ஒரு யானை. டீ நல்ல டீதான். ஆனால் அதைப் போடுவது செண்பகராமன் என்று ஒருவரும் சொல்லவில்லை. "யானை டீ பிரமாதம்" என்றார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "யானைக்கு இலை போட்டாச்சா?" என்றுதான் அவரை விசாரித்தார்கள்.

குத்தகை இப்போது முடிந்துவிட்டது. இனிமேல் அதே இடத்தில் சொந்தக் கடை. வாசலில் 'செண்பகராமன் டீ ஸ்டால்' என்று ஒரு பலகை. பத்து வருஷ ஆசை. பலகையைத் தென்காசியில் செய்யக் கொடுத்தும் ஆகிவிட்டது. ஒரே ஒரு தடைதான். கம்பெனி ஆபீசர் நேரில் வந்து, தங்கள் அடையாளம் எதுவும் அங்கே மிச்சமில்லை என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை செண்பகராமன் பெயர் வாசலில் ஏறாது. ஆபீசர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதை விட்டால் அவர் இந்தப் பக்கம் வருவது தை மாதம்.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்கோ," என்றார் செண்பகராமன். "வாரவரு மெட்ராஸ்காரரு. நம்ம ஊரை இதுவரைக்கும் பாத்ததே இல்ல. அவரு கண்ணுல ஒரு யானை படக் கூடாது. ஊதாக் கலர் படக் கூடாது. கம்பெனி பேரு அவரு காதுல விழக் கூடாது. இப்படி ஒரு கடை இங்க இருந்துச்சுங்கிற தடமே இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"யானை, ஊதா, பேரு, தடம்," என்று ஆவுடையப்பன் விரலை மடக்கினார். "கவலைய விடுங்க அத்தான்."

கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வாசல் பலகையைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். அது ஒன்று தப்பில்லாமல் நடந்தது. அடுத்து சுவரில் இருந்த யானைகள்.

"இத்தனை யானையையும் அழிக்கணும்னா விடிஞ்சிரும் அண்ணே," என்றான் மாசானம்.

கோமதிநாயகம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து யோசித்தான். "யானைய எதை வச்சு யானைன்னு சொல்லுதோம்?"

"பெருசா இருக்கும்லா."

"எருமையும் பெருசுதான்."

"காது?"

"காது எல்லாத்துக்கும் உண்டு. உனக்குக்கூட இருக்கு."

"அப்பத் தும்பிக்கை."

"அப்படிச் சொல்லு! தும்பிக்கை இருக்கப்போய்தான் அது யானை. அதை மட்டும் அழிச்சா யானை போயிரும். மிச்சம் நிக்கது எதுவோ, அதைப் பத்தி நம்மகிட்ட யாரும் சொல்லல."

"சரி," என்றார் ஆவுடையப்பன்.

மத்தியானம் செண்பகராமன் வந்து பார்த்தபோது சுவரில் ஒரு தும்பிக்கைகூட இல்லை.

"ஏலே, என்னலே இது? சுவரு பூரா ஊதாப் பன்னி நிக்கி?"

"பன்னிதான் அத்தான். யானை போயிட்டுல்லா."

"டீக்கிளாஸு ஏன் அந்தரத்துல தொங்குது?"

"கிளாஸைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே."

செண்பகராமன் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் மேல வெள்ளையடிலே! ஊதா எங்க தெரிஞ்சாலும் சரி, யாரையும் கேக்காத, வெள்ளையடி!"

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

சுவர் வெள்ளையானது. பெஞ்சு வெள்ளையானது. கூரை, கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் வெள்ளையாயின. கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றபோது மாசானத்தின் முகம் மாறியது. கடைக்கு எதிரே ஒரு கூடை நிறைய ஊதா.

அது காய்கறிக்காரி பேச்சித்தாயின் கத்தரிக்காய்க் கூடை. அவள் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"இது கடைக்கு வெளியல்லா இருக்கு?" என்றான் மாசானம்.

"ஆபீசரு கண்ணும் வெளியதான இருக்கும்," என்றான் கோமதிநாயகம்.

"ஆனா கத்தரிக்காய்க்குக் கம்பெனியா கலர் குடுத்துச்சு? கடவுள் குடுத்தது."

மூவரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஷயம் பெரிய விஷயம். கடைசியில் கோமதிநாயகம் கேட்டான்: "கடவுள் குடுத்ததை நீ பாத்தியா?"

"இல்ல."

"கம்பெனி குடுக்கலைங்கிறதுக்கு உங்கிட்ட சாட்சி இருக்கா?"

"இல்ல."

"அப்ப அடி."

பேச்சித்தாய் திரும்பி வந்து கூடையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"கட்டைல போவானுவளா! கத்தரிக்கா கத்தரிக்கா கலருல இல்லாம, ஒங்க அப்பன் வேட்டி கலருலயால இருக்கும்?"

"இப்ப அப்படித்தான் ஆயிட்டுக்கா," என்றான் மாசானம் அடக்கமாக.

அந்தக் கூடையைச் செண்பகராமன் முழுசாக வாங்க வேண்டியதாயிற்று. அவர் வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, மறுநாள் கத்தரிக்காய்க் கூட்டு, அதற்கு மறுநாள் சண்டை.

ஊதா முடிந்ததும் யானை ஒன்று பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. கோயில் யானை. அது வாரம் ஒருமுறை கடைவாசலுக்கு வந்து பழம் வாங்கிக்கொண்டு போகும். மூவரும் கோயிலுக்குப் போய், வெள்ளிக்கிழமை மட்டும் யானை வர வேண்டாம் என்று பாகனிடம் கேட்டுக்கொண்டார்கள். பாகன் பாதித் தூக்கத்தில் இருந்தான். "அதுகிட்டயே சொல்லுங்க" என்றான். மாசானம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு யானையிடம் விஷயத்தைச் சொன்னான். யானை காதை ஆட்டியது. சொன்னபடியே வெள்ளிக்கிழமை வரவும் இல்லை. அது எப்போதும் வருவது செவ்வாய்க்கிழமை.

அடுத்தது பேரும் தடமும். இதுதான் பெரிய வேலை. ஏனென்றால் அந்த இடத்துக்கே ஊதாயானை என்று பேர் விழுந்துபோயிருந்தது. பஸ் வந்து நின்றால் கண்டக்டர், "ஊதாயானை எல்லாம் இறங்கு!" என்பார். இறங்குகிறவர்களும் கோபித்துக்கொள்ளாமல் இறங்குவார்கள்.

மூவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "யாரு வந்து கேட்டாலும் அப்படி ஒரு கடை இங்க இருந்ததே இல்லன்னு சொல்லணும். அத்தான் பேரு பலகைல ஏறணும்னா இதுதான் வழி." ஊரில் எல்லாருக்கும் செண்பகராமன் மேல் பிரியம். பொய் சொல்வதில் அதைவிடப் பிரியம். உடனே ஒத்துக்கொண்டார்கள்.

கண்டக்டர்தான் ஒரு சந்தேகம் கேட்டார். "பேரைச் சொல்லாம ஆளை எப்படிவே இறக்க?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி," என்றான் கோமதிநாயகம். "பஸ் நிக்கட்டும். இறங்கணும்னு தோணுதவங்க இறங்கட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. செண்பகராமன் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஆபீசரை மரியாதையாக அழைத்து வர ஒரு எலுமிச்சம்பழத்தோடு தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். ஆபீசர் பரந்தாமன் வேறு பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். கருவநல்லூரில் பஸ் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆபீசருக்கு இறங்க வேண்டும் என்று தோணவில்லை. அடுத்த ஊரில் இறக்கிவிடப்பட்டு, உச்சி வெயிலில் நடந்தே திரும்பி வந்தார்.

முதலில் பேச்சித்தாயிடம் கேட்டார். "ஏம்மா, இங்க ஊதாயானை டீக்கடை எதும்மா?"

"யானை டீ குடிக்குமா சார்? எங்க ஊரு யானை பழம்தான் திங்கும்."

அடுத்து சவரக்கடைக்காரரிடம் கேட்டார். அவர் கத்தியைக் கீழே வைத்து யோசித்துப் பார்த்துவிட்டு, "ஊதான்னா அது என்ன கலரு சார்?" என்றார்.

கடைசியில் ஆபீசர் சரியாக அந்தக் கடை வாசலுக்கே வந்து நின்றார். மூவரும் வரிசையாக நின்றார்கள். மாசானம் வாயைத் திறந்தான். கோமதிநாயகம் அவன் காலை மிதித்தான்.

"அப்படி ஒரு கடை இங்க இருந்ததே இல்ல சார்," என்றார் ஆவுடையப்பன்.

"அப்போ இது என்ன கட்டடம்?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதா சார்? இதை நாங்களும் இப்பத்தான் பாக்கோம்."

"உள்ளேர்ந்து டீ வாசனை வருதே!"

"எங்களுக்கு ஜலதோஷம் சார்."

ஆபீசர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் தென்காசிக்குப் போய்விட்டார். பஸ் மறைந்ததும் மூவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மாசானத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அவர்கள் அதுவரை செய்ததில்லை.

தென்காசியில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற செண்பகராமனிடம் ஆபீசர் சொன்னார்: "என்னங்க இது? ஊரையே சலிச்சுட்டேன். அப்படி ஒரு கடையே கிடையாதுன்றாங்க. இல்லாத கடையில எதை எடுத்துட்டீங்கன்னு நான் எழுதிக் குடுப்பேன்? நாளைக்குக் காலைல ஒரு தடவை வர்றேன். கடையை என் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா தை மாசம்தான்."

செண்பகராமன் ஊருக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

"பாவிகளா! ஏம்லே அவரை விரட்டி விட்டீய?"

"நீங்கதான அத்தான் தடமே இருக்கக் கூடாதுன்னீய?"

"நாளைக்குக் காலைல திரும்ப வாராரு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஊதாயானை எங்க இருந்துச்சுன்னு அவருக்குப் பளிச்சுன்னு தெரியணும். ஒருத்தனும் இல்லன்னு சொல்லக் கூடாது. கடையக் காட்டணும்லே, கடைய! நான் காலைல போயி என் பலகைய வாங்கிட்டு வந்துருதேன். அதுக்குள்ள எதையும் கெடுத்துராதீய."

அவர் போனதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"ஊதாயானை இருந்த இடத்தைக் காட்டணும்," என்றார் ஆவுடையப்பன்.

"வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டி, இதான் ஊதாயானைன்னா நம்புவாரா அண்ணே?" என்றான் மாசானம். "இன்னைக்கு நம்ம வாயாலயே இல்லன்னு சொல்லிட்டோம்."

கோமதிநாயகம் மண்ணில் குச்சியால் கோடு போட்டான், அழித்தான், திரும்பவும் போட்டான். "ஒரு பொருளு இருந்துச்சுன்னு காட்டணும்னா, அது மொதல்ல இருக்கணும்."

ஆவுடையப்பன் 'சரி'கூடச் சொல்லவில்லை. நேரே எழுந்து ஊதாப் பெயிண்ட் டின்னை உடைத்தார்.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. முந்தின நாள் ஊரில் ஒருவரும் தன்னை மதிக்காததால், ஆபீசர் இன்றைக்குக் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இறங்கினவர் இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டார்.

சுவர் ஊதா. கூரை ஊதா. வாசல்படி ஊதா. கொல்லையில் கிடந்த பலகை துடைத்து மாட்டப்பட்டிருந்தது. யானைகள் முன்னைவிட இரண்டு மடங்கு இருந்தன. தும்பிக்கை விஷயத்தில் தவறு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நீளமாக, வளைத்து, சில யானைகளுக்கு இரண்டாகவும் போட்டிருந்தார்கள்.

"வாங்க சார்!" என்றார் ஆவுடையப்பன். "நேத்து நீங்க தேடுன கடை இதான்."

"இதை எடுக்கச் சொன்னாங்களா, இல்லையா?"

"அதெல்லாம் மொதல்லயே எடுத்தாச்சு சார்."

"அப்போ இது என்னய்யா?"

கோமதிநாயகம் பொறுமையாக விளக்கினான். "எடுத்த கடை எங்க இருந்துச்சுன்னு நீங்க பாக்கணும்லா சார். இல்லாததை எப்படிக் காட்ட? அதுக்குத்தான் வச்சிருக்கோம். பாத்துட்டீயள்லா? இப்படி உக்காந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிடுங்க. எடுத்துருதோம்."

ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் சொன்னதற்காக மூடவில்லை. தலை சுற்றியது. பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த பஸ்ஸுக்குள்ள ஒரு பொட்டு ஊதா இருக்கக் கூடாது. இருந்தா நான் எழுத மாட்டேன், எழுத மாட்டேன்," என்று முனகினார்.

செண்பகராமன் பெயர் அந்த ஒரு பொட்டில் தொங்கியது. ஊரே இறங்கியது. பிரஷ் கிடைத்தவர் பிரஷ்ஷால் அடித்தார், கிடைக்காதவர் துணியால் அடித்தார், பேச்சித்தாய் விளக்குமாற்றால் அடித்தாள். பலகை கொல்லைக்குப் போய், அங்கிருந்து கிணற்றுக்குள்ளும் போனது. கொஞ்ச நேரத்தில் கடை பால்கோவா மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது.

ஆவுடையப்பன் சுற்றிப் பார்த்தார். "முடிஞ்சுது."

"முடியல அண்ணே," என்றான் மாசானம் மெதுவாக. "ஒண்ணு பாக்கி."

அவன் காட்டிய இடத்தில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். ஊதாச் சட்டை. சட்டைப்பை மேல் ஒரு யானை. யானைக்குக் கீழே கம்பெனி பேர்.

"மொத்தமும் ஒரே இடத்துல இருக்கு," என்றான் கோமதிநாயகம்.

"அவரு வாயாலயே சொன்னாருல்லா, ஒரு பொட்டு இருக்கக் கூடாதுன்னு," என்றார் ஆவுடையப்பன். அதோடு பிரஷ்ஷை முக்கி எடுத்தார்.

சட்டையை மட்டும் அடிப்பதுதான் திட்டம். ஆனால் ஆபீசர் கண்ணைத் திறந்தார். கோபத்தில் அவர் முகம் சிவந்து, கறுத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு வந்தது. அந்த நிறம் கிட்டத்தட்ட ஊதா. வேறு வழியில்லாமல் முகத்துக்கும் ஒரு கை பூச வேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து, தலையில் புதுப் பலகையோடு செண்பகராமன் ஓடி வந்தார். "ஆபீசரு எங்கலே?"

"எடுத்தாச்சு அத்தான்."

சுவரோரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கை நீண்டது. "பேனாவைக் குடுய்யா," என்றது சுவர். "எழுதிக் குடுத்துட்டு நான் ஓடியே போயிடுறேன்."

எழுதினார். பொய்யாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இந்த இடத்தில் எங்கள் கம்பெனியின் அடையாளம் எதுவும், எந்த உருவத்திலும் மிச்சமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, நிற்காத பஸ்ஸில் ஓடி ஏறினார்.

செண்பகராமன் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் பட்டு நனைந்துவிடும் என்று பயந்து ஆவுடையப்பனிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ மாப்ளே," என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். பத்து வருஷத்துக்குப் பிறகு தன் பெயரைத் தன் வாசலில், தன் கையாலேயே மாட்டினார். கொஞ்சம் கோணலாக இருந்தது. ஊர் கை தட்டியது. இறங்கி வந்து கையை நீட்டினார்.

"தாளைக் குடு மாப்ளே."

ஆவுடையப்பன் கொடுத்தார். அது ஈரமாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது.

"எழுத்து எங்கலே?"

"உச்சில ஒரு யானை நின்னுச்சு அத்தான்," என்றார் ஆவுடையப்பன். "அடில ஊதா முத்திரை. நடுவுல அவங்க பேரு வேற. நல்லவேளை மாசானம் பாத்துட்டான்."

செண்பகராமன் பலகையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். அப்புறம் கடைக்குள்ளே போய் டீ போட ஆரம்பித்தார்.

அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கம்பெனியிலிருந்து அவ்வப்போது புது ஆபீசர்கள் வந்து அத்தாட்சி கேட்பார்கள். அவர் அதை எடுத்துக் கொடுப்பார். அவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தாளில் ஒரு தப்பு இருக்கிறது என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.